பள்ளி என்றால் படுக்கை

சென்ற மாதம் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை வீட்டுக்கு வந்தார். என்னிடம் படித்தவர்தான். "சார், பிள்ளைங்க காலையில முதல் பாடவேளையிலேயே தூங்குதுங்க. நீங்க வந்து தூக்கத்தைப் பத்தி அரை மணி நேரம் பேசணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வகுப்பில் தூங்கிய பிள்ளைகளை எழுப்பியே 34 வருடம் சம்பளம் வாங்கியவன் நான். சாக்பீஸ் துண்டை எறிவேன், பெஞ்சு மேல் நிற்க வைப்பேன், முகம் கழுவிவரச் சொல்வேன். அப்படிப்பட்டவனைத் தூங்குவது எப்படி என்று பாடம் எடுக்கக் கூப்பிட்டால்?

சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் கையில் இருந்தது. என்ன பேசுவது என்று யோசித்தபோது முதலில் மனதில் வந்தது 'பள்ளி' என்ற சொல்தான்.

பள்ளி என்றால் படுக்கை. பள்ளிகொண்ட பெருமாள், பள்ளியறை, திருப்பள்ளியெழுச்சி எல்லாவற்றிலும் இருப்பது படுக்கையும் உறக்கமும்தான். சமணத் துறவிகள் குன்றுகளில் இயற்கையாக அமைந்த குகைகளில் தங்கினார்கள். பாறையைச் செதுக்கிப் படுக்கை செய்து, தலைப் பக்கம் தலையணைபோலக் கொஞ்சம் மேடு விட்டு, அதில் படுத்தார்கள். அந்த இடத்துக்குப் பள்ளி என்று பெயர். அங்கே போய்ப் படித்த பிள்ளைகளால் கல்வி கற்கும் இடத்துக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது என்று அறிஞர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கு மதுரைக்கோ புதுக்கோட்டைக்கோ போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே, உளுந்தூர்பேட்டைப் பக்கம் திருநறுங்கொண்டையில் அப்பாண்டைநாதர் கோயில் இருக்கும் குன்றில் கற்படுக்கைகள் உள்ளன. மணலூர்ப்பேட்டைக்கு அருகே ஜம்பையில் 1981-இல் ஒரு பழைய தமிழ் பிராமிக் கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். அதியமான் நெடுமான் அஞ்சி உறைவிடம் ஒன்றைக் கொடையாகக் கொடுத்தான் என்று சொல்லும் ஒற்றை வரி அது. சுமார் 2000 ஆண்டு ஆகிறது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே அதியமான். நெல்லிக்கனியை ஒவ்வொரு பாடப்புத்தகத்திலும் போட்டார்கள். படுத்துறங்க இடம் கொடுத்ததை யாரும் போட்டதாக எனக்கு நினைவில்லை.

பணியில் இருந்தபோது சில வருடங்கள் கல்வராயன் மலையில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்த்தேன். பகலில் பாடம் நடக்கும் அதே அறையில் இரவில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரிப்பார்கள். கரும்பலகையில் பகலில் எழுதிய கணக்கு அழிபடாமல் இருக்கும், அதற்குக் கீழே வரிசையாகப் பிள்ளைகள் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். மார்கழிக் குளிரில் ஒரே போர்வைக்குள் மூன்று பேர். பள்ளி என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒரே அறையில் இருந்ததை அன்று நான் கவனிக்கவில்லை. வார்டன் லாந்தரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வந்து தலைகளை எண்ணுவதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அந்த மலைப் பிள்ளைகளுக்குச் சாமை, தினை விளையும் காலத்தில் மட்டும் ஊருக்குப் போகும் ஆசை வந்துவிடும். காட்டுப்பன்றிக்குக் காவலாகப் பரண் கட்டி இரவில் இருப்பார்கள். பிள்ளைகளும் பரணில் ஏறிக்கொள்ளும். விழித்திருப்பது பெரியவர்கள்தான். ஒருவர் முன்சாமம், ஒருவர் பின்சாமம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் நடுவில் படுத்துத் தூங்கிவிடும். ஒரு பையன் என்னிடம், "பன்னியே பார்த்ததில்ல சார், வருஷா வருஷம் போறேன்" என்றான்.

நம் முன்னோர் பிள்ளைகளுக்குத் தூக்கத்தைப் பற்றி என்ன சொல்லிவைத்தார்கள் என்று தேடினால், பெரும்பாலும் எழுந்திரு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவர் சோம்பல், மறதி, காலம் கடத்துவது ஆகியவற்றோடு தூக்கத்தையும் சேர்த்து, கெட்டுப்போகிறவன் விரும்பி ஏறும் நான்கு மரக்கலங்கள் என்கிறார். ஆத்திசூடியில் விடியலில் எழு, அளவுக்கு மேல் தூங்காதே என்று இரண்டு கட்டளைகள் உண்டு. இரண்டையும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கத்தவைத்திருக்கிறேன். ஔவை தூக்கத்துக்கு எதிரி என்றே நினைத்திருந்தேன். இந்தப் பேச்சுக்காக ஆத்திசூடியை முதலிலிருந்து ஒருமுறை படித்தபோதுதான் உறைத்தது. இலவம்பஞ்சு மெத்தையில் படுத்துத் தூங்கு என்றும் அந்தக் கிழவிதான் சொல்லியிருக்கிறாள். அதுவும் எங்கே? இளமையிலேயே படித்துவிடு என்று சொல்வதற்குச் சற்று முன்னால். முதலில் மெத்தை, பிறகு படிப்பு! அந்த வரியை நான் ஒருநாளும் விளக்கிச் சொன்னதில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே இலவமரம் இருந்தது. காய் வெடித்துப் பஞ்சு தெரு முழுக்கப் பறக்கும்போது பிள்ளைகள் பிடிக்க ஓடும். அப்போதும் தோன்றவில்லை. (அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவை வேறு, ஆத்திசூடி ஔவை பல நூற்றாண்டு பிந்தியவர் என்பார்கள். எனக்கு இருவரும் ஒரே பாட்டிதான்.)

கோயிலில் பாருங்கள். சிவன் கோயில்களில் இரவு அர்த்தசாமம் முடிந்ததும் சுவாமியைப் பல்லக்கில் பள்ளியறைக்குக் கொண்டுபோய், பால் நிவேதனம் செய்து, பாட்டுப் பாடி, கதவைச் சாத்துகிறார்கள். ஒருநாள் தவறுவதில்லை, நேரமும் தவறுவதில்லை. கடவுளுக்கு நேரத்தோடு படுக்கை போடுகிற நாம் பிள்ளைகளுக்கு ஏன் விதி எதுவும் எழுதவில்லை? அவசியம் இருக்கவில்லை என்பதுதான் என் எண்ணம். கைக்குழந்தைக்குத் தூளியும் தாலாட்டும் இருந்தன. வளர்ந்த பிள்ளைக்கு இருட்டு இருந்தது. இருட்டு எல்லாரையும் ஒரே நேரத்தில் படுக்க வைத்தது. எழுப்புவதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

திண்ணைப் பள்ளியிலும் அப்படித்தான். உ.வே.சாமிநாதையர் தன் வரலாற்றில், விடியுமுன்னே எழுந்து பள்ளிக்கு ஓடியதையும், முதலில் வந்த பிள்ளை தவிரப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் அடி விழுந்ததையும் எழுதியிருக்கிறார். அதே இடத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஒரு ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் வந்து அதைச் சொல்ல வேண்டும். ஞாபகசக்தி வளர்க்கும் பயிற்சி. பகலில் படித்தது மூளையில் நிலைப்பது தூக்கத்தில்தான் என்று இப்போது விஞ்ஞானிகள் கண்டு சொல்கிறார்கள். அந்த உபாத்தியாயருக்கு அது தெரிந்திருக்காது. ஆனால் பூவின் பெயரைக் கொடுத்துத் தூங்க அனுப்பிவிட்டு, காலையில் திருப்பிக் கேட்டிருக்கிறார்.

சங்கராபுரத்தில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தபோது நான் நாலாம் வகுப்பு. அதற்கு முன் வீட்டில் ஒரு அரிக்கேன் விளக்கு, இரண்டு சிம்னி விளக்கு. மண்ணெண்ணெய் அளந்துதான் ஊற்றுவாள் அம்மா. ஏழரைக்குச் சாப்பாடு, பிறகு திண்ணையில் தாத்தா கதை. பஞ்சாயத்து ரேடியோ செய்தி முடிந்து நின்றால் தெருவே அடங்கிவிடும். அத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் விளக்கு சிறிதாகும். சிலர் முழுதும் அணைக்காமல் திரியை இறக்கிவைப்பார்கள், கைக்குழந்தை உள்ள வீடு என்று அதிலேயே தெரியும். விழித்திருக்க வேண்டுமென்றால் பாரதக் கூத்து வர வேண்டும். அதற்கும் நாங்கள் பாயோடுதான் போவோம். அர்ச்சுனன் தபசில் மரம் ஏறும்போது எழுப்பு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுப்போம். அவள் எழுப்பியும் நான் எழுந்ததில்லை. பல வருடம் அர்ச்சுனன் என் கண்ணில் படாமலேயே மரம் ஏறி இறங்கினான்.

கரண்ட் வந்த பிறகும் உடனே எதுவும் மாறவில்லை. நாற்பது வாட் பல்பு ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்க ஒன்றுமில்லை. இரவு மாறியது வேறு விதமாக, வயல் வழியாக வந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1988 என்று நினைவு. அப்போது மலையிலிருந்து மாற்றலாகிக் கீழே வந்துவிட்டேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையன். நல்ல புத்தி, கணக்கு தானாக வரும். ஆனால் ஒரு வாரம் நன்றாக இருப்பான், அடுத்த வாரம் முழுக்கத் தூங்குவான். எழுப்பினால் எழுவான், சிவந்த கண்ணோடு பார்ப்பான், மறுபடி தலை சாயும். நான் பெஞ்சு மேல் நிற்க வைத்தேன். நின்றுகொண்டே தூங்கினான். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மேஜை மேல் இருந்த பிரம்பை எடுத்துக் கெண்டைக்காலில் இரண்டு வைத்தேன். அவன் விழுந்தான். அடி தாங்காமல் விழவில்லை, தூக்கத்தில் விழுந்தான். நெற்றி அடுத்த பெஞ்சு விளிம்பில் பட்டு ரத்தம் வந்தது.

மறுநாள் அவன் அப்பா வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். மனிதர் கைகட்டி நின்றார். "தப்பா எடுத்துக்காதீங்க வாத்தியாரய்யா. ஒரு வாரம் பகல்ல கரண்டு வுடுறான், ஒரு வாரம் ராத்திரியில வுடுறான். கரும்புக்குத் தண்ணி கட்டணும். நான் மோட்டாரண்ட நின்னா இவன்தான் மடை திருப்பணும். வேற ஆள் இல்ல" என்றார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் பதிந்த கரும்பு, முக்கால் ஏக்கர். பதினோரு மணிக்கு மேல் மும்முனை மின்சாரம் வந்தால் விடியற்காலை வரை அந்தப் பையன் மண்வெட்டியோடு வரப்பில். பாம்புக்குப் பயந்து காலில் கோணி சுற்றிக்கொள்வானாம். எட்டரைக்குப் பள்ளிக்கூடம் வந்துவிடுவான், ஒருநாள் மட்டம் போட்டதில்லை.

எனக்கு அன்று ஒன்றும் பேச வரவில்லை. அதற்குப் பிறகு நான் செய்தது, கரண்ட் இரவு முறை வரும் வாரங்களில் மதிய இடைவேளையில் அவனை ஆசிரியர் அறைக்கு வரவழைத்து மூலையில் ஒரு சாக்கு விரித்துக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் தூங்குவான். உடன் வேலை பார்த்தவர்கள் சிலர் கேலி செய்தார்கள். கொஞ்ச நாளில் வேறு மூன்று பிள்ளைகளும் வர ஆரம்பித்தன. கேட்டால் எல்லாம் கரும்பு வீடு. பத்து வருடமாக அதே வகுப்பறைகளில் எத்தனை பேரை அடித்திருப்பேன் என்று கணக்குப் போட்டேன், பாதியில் விட்டுவிட்டேன்.

நான் இங்கே பிரம்போடு நின்ற அதே காலத்தில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரனும் அவர் மாணவர்களும் இதே விஷயத்தை வேறு விதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வுக்குப் பிறகுதான் இதைப் படித்தேன். உயிர்களின் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது, அதைச் சரியாக வைப்பது சூரியன் என்பது ஏற்கெனவே தெரிந்தது. அமெரிக்காவில் கிளைட்மன் என்ற பேராசிரியர் 1938-இல் ஒரு மாணவரோடு பூமிக்கடியில் குகையில் 32 நாள் தங்கிச் சோதித்துப் பார்த்திருக்கிறார். மதுரைக்காரர்கள் கேட்டது அதற்கு அடுத்த கேள்வி. சூரியனே எட்டாத இடத்தில் கடிகாரத்தை யார் சரி செய்கிறார்கள்?

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடிக் குகை. சமணர் மலை என்று பெயர் பெற்ற அந்தக் குன்றுப் பகுதியில்தான் வௌவால்களை ஆராய்ந்தார்கள். இருட்டுக் குகைக்குள் கூண்டில் அடைத்த வௌவால், வெளியே போய்வரும் மற்ற வௌவால்களின் நடுவில் இருந்தால் அவற்றோடு நேரம் தவறாமல் விழித்தது, அடங்கியது. ஆளில்லாத குகையில் தனியாக வைத்தால் அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவிப் போனது. 1981-இல் மாரிமுத்துவும் ராஜனும் அவரும் இதை எழுதினார்கள். பிறகு விஸ்வநாதன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து வயல் சுண்டெலியை எடுத்துக்கொண்டார்கள். பகல் இரவு தெரியாத ஒரே மாதிரி வெளிச்சத்தில் குட்டிகளை வைத்து, தாயை மட்டும் 12 மணி நேரம் கூட விடுவது, 12 மணி நேரம் பிரித்துவைப்பது. குட்டிகளின் கடிகாரம் தாயின் வருகைக்கும் போக்குக்கும் ஏற்பத் தன்னைத் திருத்திக்கொண்டது. 1985-இல் லண்டனிலிருந்து வரும் 'நேச்சர்' இதழில் இது வெளியானது. உலகப் புகழ்பெற்ற பத்திரிகை. நம் வயலில் நாம் பொறி வைத்துப் பிடிக்கிற எலி அதில் இடம்பிடித்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு என் வீட்டையே நினைத்துப் பார்த்தேன். விளக்கு அணைந்ததால் மட்டுமா நாங்கள் தூங்கினோம்? அம்மா படுத்தாள், தூங்கினோம். அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் என் தம்பி தூங்குவான், அவள் எழுந்தால் அவனும் எழுவான். கரும்பு வீட்டுப் பையன் அப்பாவோடு விழித்தான். மலைப் பையன் பரணில் பெரியவர்கள் நடுவில் தூங்கினான். எலிக்குட்டிக்கு உள்ளது மனிதக் குட்டிக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை, நான் விஞ்ஞானி இல்லை. ஆனால் வாத்தியாராக இருந்தவன் என்ற முறையில் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். 1987-இல் ராமாயணம் வந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலைதான் போனது. 1993-க்குப் பிறகு தனியார் சானல்கள் இரவைப் பிடித்தன. 2006-க்குப் பிறகு இலவச வண்ணத் தொலைக்காட்சி குடிசைக்கும் போனது. சாப்பாட்டு நேரம் சீரியல் நேரமாகி, ஏழரை ஒன்பதரை ஆனது. 2020-இல் கொரோனா வந்து பள்ளியை மூடியபோது, படிப்பதற்கென்று நாமே பிள்ளை கையில் போனைக் கொடுத்தோம். திருப்பி வாங்க மறந்துவிட்டோம்.

ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரமும், அதற்கு மேல் பதினெட்டு வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் 2016-இல் வரையறுத்தார்கள். உடம்பு வளரும் சுரப்புநீர் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில்தான். பருவ வயதில் உடம்புக் கடிகாரமே கொஞ்சம் பின்தள்ளிப் போகிறது, பத்தாம் வகுப்புப் பையன் இரவு தூக்கம் வரவில்லை என்பது முழுப் பொய்யும் இல்லை. கலிபோர்னியாவில் 2022-லிருந்து மேல்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். இங்கே பொதுத்தேர்வு வந்தால் நாலரைக்கு எழுப்பிப் படிக்க வைப்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அதற்காக விடியலில் எழுவது தப்பென்று நினைக்க வேண்டாம். எட்டரைக்குப் படுத்தவன் நாலரைக்கு எழலாம், பதினொன்றரைக்குப் படுத்தவனை எழுப்பக் கூடாது. இந்தக் கழித்தல் கணக்கை நாங்கள் போடவே இல்லை.

பேசுவதாகச் சொன்ன நாள் வந்தது. பெற்றோரையும் கூப்பிடுங்கள் என்று தலைமையாசிரியையிடம் சொல்லியிருந்தேன். பத்துப் பன்னிரண்டு அம்மாக்கள், இரண்டு தாத்தாக்கள் வந்திருந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "உங்க வீட்டுல ராத்திரி கடைசியா தூங்குறது யாரு?" மளமளவென்று கை உயர்ந்தது. "அப்பா சார், போன் பார்ப்பாரு." "எங்க அக்கா." "அம்மா சார், சீரியல் முடிஞ்சுதான்." ஒரு சின்னப் பெண் எழுந்து, "நான்தான் சார்" என்றாள். அம்மா பெங்களூரில் கட்டட வேலை, தினமும் பத்தரைக்குத்தான் போன் போடுவாராம், அதற்காகக் காத்திருப்பாளாம். அதற்கு நான் என்ன சொல்வது? பேச்சுக்கென்று எழுதிப் போயிருந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். பாட்டியோடு இருக்கிற பிள்ளை என்று தலைமையாசிரியை பிறகு சொன்னார். அம்மாவிடம் பேசி, எட்டரைக்கே போன் போடச் சொல்லியிருக்கிறார். பத்து நாளாக நடக்கிறதாம், மேஸ்திரி விட்டால்.

திரும்பும்போது சங்கராபுரம் கடைத்தெருவில் உரக்கடை வாசலில் அந்த ஏழாம் வகுப்புப் பையனைப் பார்த்தேன். பையன் என்ன, தலை நரைத்துவிட்டது, ஐம்பதை நெருங்குகிறான். நெற்றியில் அந்தத் தழும்பு மெல்லியதாக இருக்கிறது. நான் அதைப் பார்க்கிறேன் என்று தெரிந்து சிரித்தான். இப்போது ஒன்றரை ஏக்கர், அதே கரும்பு. "இன்னும் ராத்திரியில மடை திருப்புறியாப்பா?" என்று கேட்டேன்.

"மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர் போட்டுட்டேன் சார். கரண்டு வந்தா போன் அடிக்கும், படுத்த இடத்திலேயே அமுக்கிடலாம். மடைக்கு மட்டும் நான் எழுந்து போவேன்."

"பையன்?"

"அவன் எட்டாவது சார். அந்தப் போன் அடிச்சா அவனும் முழிச்சிக்கிறான்னு, நான் வெளித் திண்ணையில படுக்கிறேன்."